மணலும் சேறும் தாங்கும் வில்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ32 நெடுஞ்சாலையின் ஓரத்தில் பாப்பாமோட்டை அமைந்துள்ளது. சாலை நல்ல சாலையே. ஆனால் அதனை விட்டு இறங்கினால், சிறிது தூரத்துக்குள்ளேயே நிலத்தின் குணம் மாறிவிடுகிறது. ஒருபுறம் வயலும் வரம்பும். கடற்புறம் மணலும் உவர்த்தரையும் கண்டற்காடும். கோடையில் உவர்த்தரை கல்லென இறுகிக் கிடக்கும். மாரி ஓய்ந்த நாட்களிலோ மேலே காய்ந்த பொருக்கும் கீழே களியுமாகி, நம்பி இறங்கிய சில்லை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இத்தகைய நிலத்துக்கென ஒரு பழைய ஜீப்பையோ லாண்ட்றோவரையோ வாங்கித் தம் தேவைக்கேற்ப மாற்றிக் கட்ட விரும்புவோர், முதலில் வண்டியின் உயரத்தைப் பற்றியே எண்ணுகின்றனர். நான்கு அங்குலம் தூக்கிவிட்டால் எங்கும் போகலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி ஆபத்தானது.

வில்லின் முதற்பணி வண்டியை உயர்த்துவதன்று. நான்கு சில்லுகளையும் நிலத்தில் பதித்து வைப்பதாகும். குழியின் மேல் அந்தரத்தில் நிற்கும் சில்லு வண்டியை இழுக்காது. அதுமட்டுமன்று; சாதாரண டிபரென்ஷியல் உள்ள அச்சில், அந்தச் சில்லு வீணே சுழல, நிலத்திலுள்ள மற்றச் சில்லும் வலுவிழந்து நின்றுவிடும். ஆதலின், ஒரு சில்லு மேட்டில் ஏறும்போது எதிர்ச்சில்லு பள்ளத்தைத் தேடி இறங்குமாறு வில் இளகிக் கொடுக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் பின் அச்சுக்கு வில்லே இல்லையே, அது வயலெல்லாம் போகிறதே என்று கேட்கலாம். அது மெல்லப் போகிறது; அதன் பெரிய டயரே அதற்கு வில். அதன் வேகத்துக்கு அது போதும்.

வில் எவ்வளவு இளக வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். பாரம் இரட்டித்தால் வில்லின் தாழ்வும் இரட்டிக்கும் என்னும் விதியை ஆங்கில அறிஞர் றொபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். ஒரு பின் சில்லின் மேல் வெறும் வண்டியில் 300 கிலோ இருக்கிறதெனக் கொள்வோம். ஒரு சென்ரிமீற்றர் தாழ 30 கிலோ வேண்டிய வில்லாயின், அது 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து நிற்கும். மீன்பெட்டியும் ஐஸும் ஆட்களும் ஏறி, அச்சில்லுக்கு மேலும் 200 கிலோ சேர்ந்தால், இன்னும் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் தாழும். அச்சு மேலே முட்டாமல் தடுக்கும் றப்பர்க் கட்டைக்கு இருந்த இடைவெளி 8 சென்ரிமீற்றரே என்றால், எஞ்சியது ஒரு விரற்கடையே. அடுத்த குழியில் அச்சு கட்டையை இடிக்கும். அந்த அடி நேரே அடிச்சட்டத்துக்கும், பின்னே இருப்பவரின் முதுகெலும்புக்கும் போகும்.

இதற்கு அஞ்சி மிகவும் வலிய வில்லைப் பூட்டினால் வேறொரு துன்பம் வரும். பாரத்தால் 20 சென்ரிமீற்றர் தாழும் வில்லின் மேல் வண்டி விநாடிக்கு ஒரு முறைக்குச் சற்று மேலாக அசையும். உடல் அதனைப் பொறுக்கும். 5 சென்ரிமீற்றரே தாழும் வில்லில் அசைவு விநாடிக்கு இரண்டு முறையைத் தாண்டும், அது குலுக்கல். கடற்கரைக் கிராமமொன்றில் மீன் ஏற்றிய வண்டியே, அவசர வேளையில் நோயாளியையும் நிறைமாதப் பெண்ணையும் ஏற்றிச் செல்ல நேரிடும். ஆகவே, வண்டி வழக்கமாகச் சுமக்கும் பாரத்தை முதலில் நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ற வில்லை இட்டு, மிகுபாரத்துக்கெனத் துணைவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே நெறி.

இனி, தகட்டுவில்லா, சுருள்வில்லா என்னும் வினா. 1941இன் ஜீப்பும் 1948இன் லாண்ட்றோவரும் தகட்டுவில்லின் மேலேயே ஓடின. 1970இல் வந்த றேஞ்ச் றோவர் நீண்டு இளகும் சுருள்வில்லைக் கொண்டு, கரடுமுரடான நிலத்திலும் சுகமாகச் செல்லலாம் என்று காட்டியது. 1983இல் நெடிய லாண்ட்றோவரும் அவ்வழியைப் பின்பற்றியது. சில்லு நிலத்தைத் தழுவிச் செல்வதில் சுருள்வில் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராதபடி பிடிக்கத் தனித் தண்டுகள் வேண்டும். அத்தண்டுகளைத் தாங்க அடிச்சட்டத்தில் பற்றுகளை ஒட்ட வேண்டும். ஒட்டு ஒன்று விட்டுப்போனால், ஓடும் வண்டியின் அடியில் அச்சு திரும்பிவிடும். தகட்டுவில்லோ பாரத்தையும் தாங்கி, அச்சையும் பிடித்துக்கொள்கிறது. நடுவே ஒரு தகடு முறிந்தால், மற்றவை வண்டியை வீடு சேர்த்துவிடும். பழைய சட்டத்தின் மேல் வண்டி கட்டும் பாப்பாமோட்டைக்காரருக்கு, அகன்ற நெடுந்தகடுகள் குறைந்த எண்ணிக்கையில் அடுக்கிய வில்லே தக்கது. சுருள்வில் வேண்டுமென்போர், பிறப்பிலேயே சுருள்வில்லோடு வந்த வண்டியை வாங்குதல் நன்று.

உயரத்துக்கு மீள்வோம். இரு சில்லுகளையும் ஒரே குழாயில் இணைக்கும் திண்ணிய அச்சு உள்ள வண்டியில், வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் உருண்டை ஓர் இழையும் உயராது. சேற்றில் முதலில் தட்டுவது அதுவே! அதனை உயர்த்தக்கூடியது பெரிய டயர் ஒன்றே. வில்லை உயர்த்துவதால் உயர்வது உடலும், உடலோடு ஈர்ப்பு மையமுமே. சில்லுகளின் இடையகலம் 130 சென்ரிமீற்றரும் ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 சென்ரிமீற்றருமாக இருந்தால், கணக்குப்படி 43 பாகைச் சரிவில் வண்டி கவிழும். மையத்தை 80 சென்ரிமீற்றருக்கு ஏற்றினால் 39 பாகையிலேயே கவிழும். வில் ஒருபுறம் சாய்வதாலும், கூரை மேல் வலையும் ஆளும் இருப்பதாலும் உண்மை நிலத்தில் இதற்கு வெகு முன்னரே புரண்டுவிடும். வரம்பின் ஓரத்தில் ஒரு சில்லு வழுக்குவதே போதும். அன்றியும், உயர்த்திய வண்டியில் சுழல்தண்டின் கோணம் மிகுந்து மூட்டுகள் தேயும். தடுப்புக் குழாய்கள் இழுபடும். வண்டியை இவ்வாறு மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வில்லின் அசைவை அடக்குவது ஷொக் அப்சோபர். எண்ணெயைச் சிறு துளைகளினூடே தள்ளி, அசைவைச் சூடாக மாற்றுவதே அதன் தொழில். அலையலையாக உடைந்த கிரவல் பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் காய்ந்து நுரைக்கும். அதன் பின்னர் அது இருந்தும் இல்லாததே. வாயு அழுத்தம் ஏற்றிய வகை இதனை ஓரளவு தடுக்கும். அது முழு நீளம் விரிவதற்குள் வில் நின்றுவிடுகிறதா என்று அளந்து வாங்க வேண்டும்; அன்றேல் வண்டியின் பாரமே அதனை இழுத்து முறித்துவிடும்.

மணலில் செலவின்றிப் பெறும் வில் டயரின் காற்று. 35 இறாத்தல் அழுத்தத்தை 18 அளவுக்குக் குறைத்தால், டயர் நீண்டு படிந்து புதையாமல் செல்லும். சாலை ஏறியதும் மீண்டும் காற்றடைக்க வேண்டும்; தளர்ந்த டயரோடு விரைந்தால் அது சூடேறி வெடிக்கும். விடத்தல்தீவை அடுத்த கண்டற்கரை 2016இல் இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. புதிய வண்டியைச் சேற்றில் சோதித்துப் பார்க்கும் ஆசையை அங்கே காட்டுதல் கூடாது.

மற்றொரு பகை உப்பு. தகடுகளின் இடையே புகுந்த உவர்ச்சேறு உள்ளிருந்து அரிக்கும். சுருள்வில்லாயின் அடியிருக்கையில் தேங்கி அங்கேயே முறிக்கும். உவர்த்தரையில் ஓடிய அன்றே நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவ வேண்டும். துருவேறித் தளர்ந்த தகட்டைக் கொல்லுலையில் காய்ச்சி வளைத்து மீண்டும் பூட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். முறையாகப் பதமிடாத தகடு பழைய வலுவைப் பெறாது. வில்லை அச்சோடு இறுக்கும் வளைந்த ஆணிகளையும், புதிதாகப் பூட்டிய முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை திரும்பவும் முறுக்கிவிடுதல் வேண்டும்.