விளையாட்டுப் பெட்டகத்துக்கு ஒரு பேரேடு

வீட்டில் உள்ள பொருள் இன்னது, அஃது இருக்கும் இடம் இன்னது, அதன்மேல் நமக்குள்ள உரிமை இன்னது என்று அறிந்திருத்தல் இல்லறத்தார்க்கு இன்றியமையாதது. பாத்திரங்களை எண்ணி வைக்கிறோம்; நகைகளின் எடையைக் குறித்து வைக்கிறோம்; பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்துகிறோம். ஊர்விட்டு ஊர் மாறும் உத்தியோகத்தில் உள்ளோர் மூட்டைகளுக்கு எண் இட்டுப் பட்டியல் எழுதாமல் புறப்படுவதில்லை. ஆயின், இன்று நம் இல்லங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள ஒருவகைச் செல்வம் எவ்விதக் கணக்குமின்றிச் சிதறிக் கிடக்கிறது. அதுதான் பிள்ளைகளும், அவர்களோடு சில தந்தையரும் வாங்கிச் சேர்க்கும் வீடியோ விளையாட்டுகள்.

"விளையாட்டுக்குமா கணக்கு?" என்று பெரியோர் நகைக்கக்கூடும். வேறு சிலர், "சூதாட்டத்தைப் பற்றியா எழுதுகிறீர்?" என்று முகம் சுளிக்கவும் கூடும். பின்னவர்க்கு முதலில் விடை கூறிவிடுவோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அவ்வகை ஆட்டங்களுக்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை. கதையும் ஓட்டமும் புதிரும் நிறைந்து, ஒரு நூலைப் போலவோ திரைப்படத்தைப் போலவோ விலை கொடுத்து வாங்கப்படும் விளையாட்டுகளைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். நகைப்போர்க்கு உரிய விடையை இக்கட்டுரை முழுவதும் கூறும்.

நாம் சிறுவராயிருந்த 1990களில் இக்கவலை எழவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவி ஒன்று. அதன் தலையில் செருகும் கேசட்டுகள் சில. அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தால் தீர்ந்தது. ஒரே கேசட்டில் 9999 விளையாட்டுகள் அடங்கியுள்ளன என்று அதன் மேலட்டை முழங்கும். செருகிப் பார்த்தால், விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே பெயரையும் கட்டத்தையும் மாற்றிக்கொண்டு மீண்டும் மீண்டும் வரும். எண்ணிக்கை வேறு, இருப்பு வேறு என்னும் கணக்கியல் உண்மையை நமக்கு முதன்முதல் கற்பித்த ஆசிரியர் அக்கேசட்டே எனலாம்.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. டப்பாவும் இல்லை; ஒரே கடையும் இல்லை. 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் இணையக் கடையின் தளத்தைத் தொடங்கிற்று. 2008இல் போலந்து நாட்டினர் ஜி.ஓ.ஜி. என்னும் கடையை அமைத்தனர். 2018 டிசம்பரில் எபிக் கடை திறந்தது. இவை கணினிக்கு உரியவை. ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஆகிய கருவிகளுக்கு அவ்வவற்றின் சொந்தக் கடைகள் தனியே உள்ளன. கைப்பேசிக்குக் கூகிள் கடையும் ஆப்பிள் கடையும் உள்ளன. ஒவ்வொரு கடையிலும் ஒரு கணக்கு, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மின்னஞ்சல், ஒரு கடவுச்சொல். பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் எட்டுப் பத்துக் கணக்குகள் இருப்பது வியப்பன்று.

இவ்வாறு சிதறுவதற்குக் காரணங்கள் உண்டு. சில விளையாட்டுகள் ஒரு கருவியில் மட்டுமே கிடைக்கும். நின்டெண்டோவின் மாரியோவைப் ப்ளேஸ்டேஷனில் தேடிப் பயனில்லை. ஸ்டீம் 2015இல் விலையை ரூபாயில் காட்டத் தொடங்கியபின், தள்ளுபடிக் காலங்களில் வாங்கிக் குவிப்பது எளிதாயிற்று. எபிக் கடையோ தொடர்ந்து இலவசமாகவே விளையாட்டுகளை வழங்கி வருகிறது. 2020 மே மாதத்தில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஒரு வார காலம் இலவசமாகக் கொடுத்தது. அன்று அதைப் பெற்றுக்கொண்டு மறந்துவிட்டவன், பிறகு ஒருநாள் அதனையே வேறு கடையில் விலை கொடுத்து வாங்குவான். அண்ணன் கணினிக்கு வாங்கியதைத் தம்பி ப்ளேஸ்டேஷனுக்கு மறுபடி வாங்குவான். இருப்பு அறியாதவன் கொள்முதல் செய்தால் நேருவது இதுவே.

இனி, உரிமையைப் பற்றிச் சிறிது நோக்குவோம். இதனை விளக்க நம் ரயில் உலகமே போதும். சரக்கு அனுப்பியவர்க்கு ரயில்வே ரசீது ஒன்று தரப்படுகிறது. அதனைக் கையொப்பமிட்டு வேறொருவர்க்கு மாற்றிக் கொடுத்தால், அவர் சென்று சரக்கை எடுத்துக்கொள்ளலாம். டிஸ்கிலோ கார்ட்ரிட்ஜிலோ வாங்கிய விளையாட்டு அத்தகையது. கையில் வைத்திருப்பவன் ஆடலாம், இரவல் தரலாம், விற்கலாம். இணையக் கடையில் வாங்கியது பெயர் எழுதிய பயணச்சீட்டைப் போன்றது; பயணம் செய்யும் உரிமை உண்டேயன்றி, வண்டி நம்முடையதன்று, சீட்டை நினைத்தவர்க்கெல்லாம் மாற்றவும் இயலாது. ஸ்டீமின் ஒப்பந்தமே கணக்கை விற்கவோ மாற்றவோ இடம் தருவதில்லை. மாதச் சந்தா கட்டி ஆடுவது சீசன் சீட்டு. கெடு முடிந்தால் வண்டியில் ஏற முடியாது. ஜி.ஓ.ஜி. ஒன்றே சற்று மாறுபட்டது. அங்கு வாங்கியதன் நிறுவற் கோப்பை நம் வட்டில் இறக்கி வைத்துக்கொண்டால், பின்னர்க் கடையின் அனுமதியை எதிர்பாராமல் நிறுவி ஆடலாம்.

"வாங்கினேன்" என்று ஒரே சொல்லால் இவை அனைத்தையும் குறிப்பதால் விளையும் மயக்கத்தை அரசுகளும் உணரத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, விற்கப்படுவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் "வாங்குக" என்று கடைகள் எழுதலாகாது என்கிறது.

அனுமதி என்பது வெறும் சொல்லன்று என்பதற்குச் சான்றுகள் பல. நின்டெண்டோவின் வீ கருவிக்குரிய கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அந்நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் கடைகளில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றது. கூகிளின் ஸ்டேடியா 2023 ஜனவரியில் அடியோடு நிறுத்தப்பட்டது. வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தந்தனர் என்பதே ஆறுதல். எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடிற்று. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, தனியே ஆடுவதற்கும் நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு வேண்டும் முறையில் அமைந்தது. 2024 மார்ச் இறுதியோடு அத்தொடர்பை நிறுத்தியதும், டிஸ்க் வைத்திருந்தோர்க்கும் அது வெறும் தட்டாயிற்று. நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டபோது, எத்தனை இளைஞர் காசு கொடுத்துச் சேர்த்த உடைகளையும் ஆயுதங்களையும் எண்ணி ஏங்கினர் என்பது நாம் அறிந்ததே.

இன்னும் ஒன்று. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 100க்கு 87 இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை. ஆகவே, பழைய கேசட்டையோ டிஸ்கையோ வைத்திருப்போர் அதனைக் குப்பை என்று எறியாதிருப்பாராக.

நிற்க. இவ்வளவையும் பணக் கணக்காக மட்டும் கருதிவிடலாகாது. நம் குடியிருப்பில் ஒரு குடும்பம். தந்தையார் ரயில் ஓட்டுநர். மகனும் மகளும் மாலைதோறும் ஒன்றாய் அமர்ந்து, உழுது பயிரிட்டுப் பண்ணை வளர்க்கும் விளையாட்டு ஒன்றை மூன்று ஆண்டுகள் ஆடினர். மகன் வேலை கிடைத்துத் தொலைவிலுள்ள நகரம் சென்றான். பின்னர்த் தந்தையார்க்கு மாற்றல் வந்தது. மூட்டை கட்டும் அவசரத்தில் பழைய கருவியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினர். டிஸ்க் பத்திரமாய் வந்து சேர்ந்தது. ஆயின் அவர்கள் ஆடிய நிலைப்பதிவு பழைய கருவிக்குள் அன்றோ இருந்தது! "டிஸ்க் இருக்கு மாமா, எங்க தோட்டந்தான் இல்லே" என்றாள் அப்பெண். அண்ணன் வீட்டில் இருந்த காலத்தின் நினைவு அவளுக்கு அத்தோட்டத்தில் இருந்தது. அதற்கு எந்தக் கடையில் விலை விசாரிப்பது?

நிலைப்பதிவு எங்கே தங்குகிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். எக்ஸ்பாக்ஸில் தனிச் சந்தா இன்றியே அது நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்கிறது. ப்ளேஸ்டேஷனிலும் நின்டெண்டோ ஸ்விட்சிலும் அவ்வசதிக்குச் சந்தா வேண்டும். ஸ்டீமில் பல விளையாட்டுகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இதனை விளையாட்டுதோறும் பார்த்துக் குறித்தல் வேண்டும்.

இனிப் பேரேட்டின் அமைப்பைக் கூறுவோம். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். கணினியில் கட்டம் போட்டு எழுதினும் நன்றே. ஏழு பத்திகள் வகுத்துக்கொள்க. முதலாவது, விளையாட்டின் பெயர். இரண்டாவது, கருவியும் கடையும். மூன்றாவது, யாருடைய கணக்கு, எந்த மின்னஞ்சல். நான்காவது, உரிமையின் வகை: டிஸ்க், அனுமதி, சந்தா, இலவசம் ஆகியவற்றுள் எது என்பது. ஐந்தாவது, வாங்கிய நாளும் விலையும். ஆறாவது, இருப்பிடம்: டிஸ்க் எனின் எந்தப் பெட்டி, இரவல் எனின் எவரிடம், நிலைப்பதிவு எங்கே என்பதும் இதில் அடங்கும். ஏழாவது, ஆடி முடித்ததா, பாதியில் நிற்கிறதா, தொடவே இல்லையா என்பது. புதிது வாங்கக் கேட்கும் பிள்ளையிடம் இவ்வேழாம் பத்தியைக் காட்டினால் போதும். தந்தையார் உரத்துப் பேச வேண்டியதே இராது.

பெயர்களை அகர வரிசையில் எழுத முயல வேண்டா. வாங்கிய வரிசையிலேயே எண் இட்டுச் செல்க. இடையில் ஒன்றைச் செருகும் தொல்லை இராது. ஒரே விளையாட்டு இரண்டு கடைகளில் இருந்தால் இரண்டு வரிகள் எழுதி, ஒன்றன் எண்ணை மற்றதன் எதிரே குறிக்க.

இதற்கென மென்பொருள்களும் உள்ளன. விண்டோஸ் கணினியில் இயங்கும் ப்ளேநைட் இலவசமானது. ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி. முதலிய பல கடைகளில் உள்ளவற்றை ஒரே பட்டியலாகத் திரட்டிக் காட்டும். ஜி.ஓ.ஜி. கடையினரும் 2019 முதல் தம் கேலக்ஸி மென்பொருளில் பிற கடைகளை இணைக்க வழி செய்தனர். ஆயினும் இவ்விணைப்புகள் அவ்வப்போது அறுந்துபோவதுண்டு. மேலும், அலமாரியில் உள்ள டிஸ்கையும், அடுத்த வீட்டுப் பையனிடம் இரவல் சென்றதையும் எந்த மென்பொருளும் தானே அறியாது. எனவே இயந்திரப் பட்டியல் துணையாக இருக்கட்டும்; கைப்பேரேடே மூலமாக விளங்கட்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஊர் மாறியதும் கைப்பேசி எண்ணை மாற்றும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. தொண்ணூறு நாள்கள் பயன்படுத்தாமல் விட்ட எண் துண்டிக்கப்படக் கூடும்; பின்னர் வேறொருவர்க்கும் அது வழங்கப்படலாம். விளையாட்டுக் கணக்கின் ஓ.டி.பி. அவ்வெண்ணுக்கே செல்லுமாயின், கதவு நமக்குச் சாத்தப்பட்டதாகும். எண்ணை மாற்றுமுன் பேரேட்டின் மூன்றாம் பத்தியைப் பார்த்து, கணக்குதோறும் புதிய எண்ணைப் பதிக. பழைய எண்ணையே புதிய மாநிலத்துக்குக் கொண்டுசெல்லும் வசதி 2015 ஜூலை முதல் நாடெங்கும் உள்ளது; அதனைப் பயன்படுத்துவது இன்னும் நன்று. கடவுச்சொல்லைப் பேரேட்டில் எழுதலாகாது. கணக்கை மீட்பதற்குத் தரும் குறியெண்களைத் தனி உறையில் இட்டு, ஆவணங்களோடு வைக்க.

ஸ்டீம் 2024 முதல் ஒரு வீட்டார் அறுவர் வரை தம் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கிறது. ஒரு படியை ஒரு வேளையில் ஒருவரே ஆடலாம் என்பதும், அறுவரும் ஒரே வீட்டினராய் இருத்தல் வேண்டும் என்பதும் விதி. இதனால் இரட்டைக் கொள்முதல் பெரிதும் குறையும்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பேரேட்டையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆயுத பூசையன்று கருவிகளையும் ஏடுகளையும் துடைத்து வரிசையாக வைக்கிறோம். அவ்வழக்கமில்லாத இல்லத்தார் தமக்கு உகந்த நாளொன்றைக் கொள்வாராக. அன்று வீட்டார் அனைவரும் அமர்ந்து, மூத்த பிள்ளை வாசிக்க, இளைய பிள்ளை எடுத்துக் காட்ட, அன்னை சரி என்று குறியிட, ஒருமணிப் பொழுதில் வேலை முடிந்துவிடும். வெளியூரில் உள்ள பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து அவன் பக்கத்தையும் கேட்டு எழுதுக. பொருளைப் பேணும் பழக்கம் பிள்ளைகளுக்கு ஏட்டுப் பாடத்தால் வருவது அரிது. தாம் விரும்பும் பொருளைத் தாமே எண்ணி எழுதுவதால் எளிதில் வரும். நோட்டின் விலையோ சில ரூபாய்களே. இத்திங்களிலேயே தொடங்குவோமாக.