பழைய தீர்ப்பு புதுப்பிக்கப்படும்போது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பணம் செலுத்தும்படி நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்புக்கு ஆயுள் 10 ஆண்டு. அதற்குள் தொகை வசூலாகாவிட்டால், கெடு முடியும் முன் தீர்ப்பைப் பெற்றவர் விண்ணப்பம் கொடுத்து அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதற்கு விசாரணை கிடையாது, கடனாளியைக் கேட்பதும் இல்லை. நீதிமன்ற எழுத்தர் விண்ணப்பத்தைப் பதிவு செய்தாலே போதும்.

புதுப்பிப்பால் கெடு மட்டும் நீள்வதில்லை, கடனும் வளர்கிறது. அங்கே தீர்ப்புத் தொகைக்குப் பொதுவான வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், தனிவட்டி. புதுப்பிக்கும்போது சேர்ந்த வட்டி அசலோடு கலந்துவிடும். 5,000 டாலர் கடன் 10 ஆண்டில் 10,000 ஆகும். அதன்பின் அந்த 10,000-க்கு வட்டி ஓடி, 20-வது ஆண்டில் 20,000 டாலரைத் தொடும்.

இந்தச் சுமை பலர் தலையில் அவர்கள் அறியாமலேயே ஏறுகிறது. கிரெடிட் கார்டு பாக்கி போன்ற வழக்குகளில் பிரதிவாதி ஆஜராகாமல் ஒருதலையாக முடிபவை ஏராளம். சம்மன் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம்; வேறு யாரிடமோ கொடுக்கப்பட்டிருக்கலாம். வழக்கு நடந்ததே தெரியாமல் வாழ்ந்தவருக்குப் புதுப்பிப்பு அறிவிப்புதான் முதல் தகவலாக வந்து சேரும்.

அந்த அறிவிப்பே அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பும் ஆகும். அறிவிப்பைச் சேர்ப்பித்ததற்கான சான்றைத் தாக்கல் செய்யாமல், புதுப்பித்த தீர்ப்பைக் கொண்டு சம்பளத்தையோ வங்கிக் கணக்கையோ ஜப்தி செய்ய முடியாது. அறிவிப்பு சேர்ந்த 60 நாளுக்குள், புதுப்பிப்பை ரத்து செய்யக் கோரி கடனாளி மனு போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 683.170-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது.

எதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம்? கடன் ஏற்கெனவே அடைக்கப்பட்டது, திவால் நடவடிக்கையில் தள்ளுபடியானது, வட்டிக் கணக்கு தவறு ஆகியவை செல்லும். வாங்கிய பொருள் பழுது என்பது போன்ற, மூல வழக்கிலேயே சொல்லியிருக்க வேண்டிய வாதங்கள் எடுபடா. எல்லாவற்றிலும் வலுவான காரணம், சம்மன் முறைப்படி சேரவில்லை என்பதே. பிரதிவாதிமீது அதிகாரம் பெறாத நீதிமன்றத்தின் தீர்ப்பு செல்லாது. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோருவதற்கான வழக்கமான கெடு அதிகபட்சம் 2 ஆண்டுதான். அந்தக் கெடு கடந்திருந்தாலும், சம்மன் சேராததைக் காட்டிப் புதுப்பிப்பை ரத்து செய்யக் கேட்கலாம் என்று 2001-இல் ஃபிடெலிட்டி கிரெடிட்டர் சர்வீஸ் எதிர் பிரௌன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மனே பெறாதவருக்கு வேறு கதவு எளிதில் திறக்காது என்பதால், இது மிக நியாயமான முடிவு.

ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு கடனாளியுடையது. பதிவு பெற்ற சம்மன் சேர்ப்பாளர் தாக்கல் செய்த சான்றை நீதிமன்றம் முதலில் உண்மையென்றே கொள்ளும். ‘எனக்கு வரவில்லை’ என்ற ஒற்றை வரி பெரும்பாலும் போதாது. அந்தத் தேதியில் வேறு இடத்தில் குடியிருந்ததைக் காட்டும் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பணியிட வருகைப் பதிவு போன்றவை வேண்டும். பழைய வழக்குக் கோப்பின் நகலை வாங்கி, சேர்ப்பிப்புச் சான்றில் உள்ள முகவரியையும் தேதியையும் ஆள் அடையாளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை. மனு வென்று புதுப்பிப்பு ரத்தானால், மூலத் தீர்ப்பின் 10 ஆண்டுக் கெடு முடிந்திருக்கும் நிலையில் அதைக் கொண்டு வசூலிக்க வழியில்லை.

2023 முதல் சட்டம் சற்று இளகியிருக்கிறது. பாக்கி அசல் 2,00,000 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடன்களிலும், 50,000 டாலருக்குக் குறைந்த தனிநபர் கடன்களிலும் தீர்ப்பை ஒருமுறைதான், அதுவும் 5 ஆண்டுக்குத்தான் புதுப்பிக்கலாம். இவற்றுக்கு வட்டியும் 5 சதவீதமே. அறிவிப்பில் இதற்கு மேல் கணக்கிட்டிருந்தால், அதுவும் எதிர்க்கத் தக்க பிழைதான்.

அறிவிப்பு கைக்கு வந்தவர்கள் அதை ஒதுக்கி வைக்காமல், அது சேர்ந்த தேதியைக் குறித்துக்கொண்டு 60 நாளுக்குள் வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ அணுக வேண்டும்.