இலவசம்! இலவசம்! யார் காசுல இலவசம்?



எங்க அம்மா பூ வியாபாரம் பார்க்கிறாங்க. தினமும் விடியற்காலையில ஷேர் ஆட்டோ பிடிச்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் வரணும். அதனால மகளிர் குழுவுல சேர்த்த பணத்தோட கொஞ்சம் கடனும் வாங்கி, போன ஆயுத பூஜைக்கு ஒரு புது ஸ்கூட்டர் வாங்கினோம். கடைக்கு நானும் கூடப் போனேன்.

மதுரையில அந்த ஷோரூம் வாசல்ல பெரிய பேனர் கட்டியிருந்தாங்க. ஹெல்மெட் இலவசம், சீட் கவர் இலவசம், டிராவல் பேக் இலவசம், வெள்ளிக் காசு இலவசம்! "வாங்கக்கா, 5,000 ரூபாய் பொருள் சும்மா தர்றோம், இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று விற்பனையாளர் சொன்னார். அம்மா இன்னும் ரெண்டு கடை பார்க்கலாம்னு நினைச்சாங்க. நான்தான் "இதையே வாங்கும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வெள்ளிக் காசு மேல எனக்கு அவ்வளவு ஆசை!

ரெண்டு வாரம் கழித்து, குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் சார், "வீட்ல இருக்கிற ஏதாவது ஒரு பில்லைக் கொண்டு வாங்க" என்றார். நான் ஸ்கூட்டர் பில்லைக் கொண்டு போனேன். எல்லாம் இங்கிலீஷ்ல இருந்ததால அதுவரைக்கும் வீட்ல யாரும் படிக்கலை. வண்டி விலை, சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் போக அதில் இன்னும் மூன்று வரிகள் இருந்தன.

ஆக்சசரீஸ் கிட்: 4,650 ரூபாய்
ஹேண்ட்லிங் சார்ஜ்: 1,500 ரூபாய்
ரோட்டுல வண்டி நின்னா உதவும் அட்டை: 1,180 ரூபாய்

மொத்தம் 7,330 ரூபாய். "இலவசம்" என்று கொடுத்த சீட் கவரும் பேக்கும்தான் அந்த கிட்! அம்மாவுக்கு ஒரு முழம் பூ வித்தா 5 ரூபாய் நிக்கும். அப்படின்னா 7,330 ரூபாய்க்கு 1,466 முழம் பூ கட்டணும். அந்தக் கணக்கைப் போட்டு முடிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சார் விளக்கிச் சொன்னதையும், நான் தெரிந்துகொண்டதையும் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஹெல்மெட்: இது பரிசே இல்லை. இரு சக்கர வண்டி விற்கும்போது ஐ.எஸ்.ஐ. தரத்தில் ஒரு ஹெல்மெட் கொடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 138-லயே இருக்கு. நமக்குச் சேர வேண்டியதையே நமக்குத் தந்துட்டு இலவசம்னு பேர் வைக்கிறாங்க.

இன்சூரன்ஸ்: கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றி 2012-ல் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018-ல் உச்ச நீதிமன்றம், புது பைக்குக்கு 5 வருடமும் புது காருக்கு 3 வருடமும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவு போட்டது. நம்ம வண்டி யார் மேலயாவது மோதினா அவங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கணும் என்பதற்காக வந்த நல்ல உத்தரவு அது. இதற்கான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். ஆனா நம்ம வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை ஷோரூமில்தான் எடுக்கணும்னு கட்டாயம் கிடையாது. வெளியில விசாரித்துவிட்டு எடுக்கலாம்.

இலவச சர்வீஸ்: பெரும்பாலும் வேலைக்கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், மாத்துற பாகம் இதுக்கெல்லாம் நாம்தான் காசு கொடுக்கணும்.

குறைந்த வட்டி: இது கணக்கு டீச்சர் சொல்லித் தந்தது. 60,000 ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 3 வருடம் என்று வைத்துக்கொள்வோம். "ஃபிளாட் வட்டி" என்றால் வருடம் 7,200 வீதம் மொத்தம் 21,600 ரூபாய் வட்டி. மாசாமாசம் அசலைக் கட்டிக்கிட்டே வந்தாலும், வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 60,000 ரூபாய்க்கே போடுவாங்க! "குறையும் நிலுவை வட்டி" என்றால் மீதி இருக்கிற கடனுக்கு மட்டும்தான் வட்டி. அப்போ மொத்தம் சுமார் 11,750 ரூபாய்தான் வரும். ரெண்டுமே 12 சதவீதம்தான், ஆனா வித்தியாசம் கிட்டத்தட்ட 10,000 ரூபாய்! அதனால "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த வட்டி, மொத்தம் எவ்வளவு கட்டணும்" என்றும் கேட்கணும்.

கார் வாங்குறவங்களுக்கும் இதே கதைதான். மேட், சீட் கவர், தங்கக் காசு என்று ஆசை காட்டுவாங்க. டிசம்பர் மாதம் வருடக் கடைசி தள்ளுபடி என்பாங்க. அந்த வண்டி ஜனவரி வந்தா போன வருடத்து வண்டி ஆயிடும். ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். பின்னால் விற்கும்போது அதைப் பார்த்துத்தான் விலை பேசுவாங்க.

சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? ஒரு பொருளின் விலையை மொத்தத் தொகையிலேயே சேர்த்து வாங்கிக்கொண்டு, அதை இலவசம் என்று நம்ப வைப்பது "நியாயமற்ற வணிக நடைமுறை". 1986-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இது இருந்தது. அதற்குப் பதிலாக வந்து 2020 ஜூலையில் அமலான 2019-ம் வருடச் சட்டத்திலும் இருக்கிறது.

எனவே நண்பர்களே, உங்க வீட்ல வண்டி வாங்கினா இதையெல்லாம் மறக்காம செய்யுங்க.

1. முன்பணம் கட்டும் முன்னாடியே விலையை வரி வரியாக எழுதி வாங்குங்கள்.
2. "இந்த இலவசம் எதுவும் வேண்டாம், எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்கள்.
3. ரெண்டு மூணு கடையில விலை கேளுங்கள். "இன்னிக்கு மட்டும்தான்" என்றால் பயப்படாதீர்கள்.
4. புரியாத வரி இருந்தால் என்னன்னு கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.
5. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மதுரையிலயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம். ரெண்டு வருடத்துக்குள் புகார் செய்யணும்.

அம்மாவும் மாமாவும் ஒரு நாள் வேலையை விட்டுட்டு பில்லோட அந்தக் கடைக்குப் போனாங்க. "எல்லாரும் கட்டுறதுதான்க்கா" என்றார்களாம். "அப்ப அதையே எழுதிக் கொடுங்க" என்று மாமா கேட்டதும், நாங்க கேட்காத அந்த அட்டைக்கான 1,180 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தாங்க. மீதிக்கு இப்போ 1915-ல புகார் சொல்லியிருக்கோம்.

அம்மா என்னைத் திட்டவே இல்லை. "இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் நீ படிச்சுச் சொல்லு பாப்பா, அப்புறம் நான் காசு கொடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னாங்க. நீங்களும் உங்க வீட்ல படிச்சுச் சொல்லுங்க. எலிப்பொறியில வைக்கிற மசால் வடையும் எலிக்கு இலவசம்தான்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
குடிமக்கள் நுகர்வோர் மன்ற உறுப்பினர்