முகப்பரு மருந்தும் மூன்றாம் வாரமும்

சமயக் கட்டுரைகளுக்கும் திருப்பணிக் கணக்குகளுக்கும் நடுவே முகப்பருவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. உங்கள் நன்கொடையால் ஞாயிறுதோறும் நடைபெறும் தேவார வகுப்பில் கண்ட ஒரு காட்சிதான் என்னை எழுத வைத்தது.

நன்றாகப் பாடும் ஒரு பெண், படிவம் நான்கில் படிப்பவள், மூன்று வாரம் தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை. நான்காம் வாரம் வந்தவள் துப்பட்டாவால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்து விசாரித்தேன். "முகமெல்லாம் உரியுது டீச்சர். எழுந்து நின்னு பாட வெக்கமா இருக்கு" என்றாள். கன்னங்கள் சிவந்திருந்தன. வாயோரத்தில் தோல் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அதன் நடுவே புதிய பருக்கள். அந்த முகம் எனக்குப் புதிதன்று. 1996ஆம் ஆண்டில் புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் நான் தினமும் பார்த்த முகம்தான் அது.

எஸ்.பி.எம். தேர்வு எழுதவேண்டிய பதினேழாம் வயதில் எனக்குப் பருக்கள் வரத் தொடங்கின. முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு தாடை. கஸ்தூரி மஞ்சள், சந்தனம், வேப்பிலை அரைத்த விழுது, பற்பசை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. "உடம்புச் சூடு, தலைக்கு எண்ணெய் வை" என்றார் பெரியம்மா. நானும் நெற்றியில் வழியும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தேன். தலை எண்ணெய் நெற்றியில் இறங்கினால் அங்கே பரு கூடும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்துகொண்டேன். என் தாயார் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிக் களைத்து வருபவர், இரவில் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இந்த முகத்தோட எப்படி மாப்பிள்ளை பார்க்கிறது" என்று உறவுக்காரர் ஒருவர் கூடத்திலேயே கேட்டார். அதைக் கேட்ட பிறகு சில மாதங்கள் நான் கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

பரு அழுக்கினால் வருவதன்று. முகம் கழுவாத சோம்பேறி என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி சேர்ந்திருக்கிறது. பருவ வயதில் உடலின் இயக்குநீர்கள் தூண்ட, அச்சுரப்பி அதிகமாக எண்ணெய் சுரக்கிறது. அதே வேளையில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய இறந்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு அடைப்பிலிருந்துதான் பரு தொடங்குகிறது. அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகி அழற்சி உண்டானால் சிவந்து சீழ் வைக்கும்.

அந்த அடைப்பை அவிழ்ப்பதுதான் ரெட்டினாய்டு என்ற மருந்து வகையின் வேலை. இவை வைட்டமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலே பூசுவனவற்றில் ட்ரெட்டினாயினும் அடாப்பலீனும் அதிகம் வழங்குகின்றன. இவை தோல் செல்லின் உட்கருவரை சென்று, செல்கள் வளர்ந்து உதிரும் முறையையே சீராக்குகின்றன. ஒட்டிக்கொள்ளும் செல்கள் தளர்ந்து உதிர்கின்றன. புதிய அடைப்புகள் உண்டாவது குறைகிறது. அதனால் வந்த பருவுக்கு மட்டுமன்று, வரப்போகும் பருவுக்கும் இது மருந்து. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது போதாது, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூசவேண்டும் என்பது இதனால்தான். வைட்டமின் 'ஏ' தானே என்று மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் தவறு. அளவு மீறினால் அது உடலுக்கு நஞ்சாகும்.

ட்ரெட்டினாயினைப் பருவுக்குப் பயன்படுத்திய அமெரிக்க ஆய்வை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மன் தம் கூட்டாளிகளுடன் 1969இல் வெளியிட்டார். 1971இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. அதே கிளிக்மன் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடத்தியவர். அக்கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சோதனைகள் 1974இல் நிறுத்தப்பட்டன. பிலடெல்பியா நகர நிருவாகம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது. இதை ஒரு நூலில் படித்த நாளிலிருந்து, பட்டாணியளவு மருந்தைப் பிதுக்கும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்த மனிதர்களின் நினைவு எனக்கு வரும். அடாப்பலீன் பின்னர் வந்தது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொதுவாக இதற்கு எரிச்சல் சற்றுக் குறைவு.

என் கதைக்குத் திரும்புகிறேன். பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் டாக்டர் எனக்கு ட்ரெட்டினாயின் களிம்பு எழுதிக் கொடுத்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. அவர் மலாயில் விரைவாகச் சொன்னதில் பாதிதான் என் மனத்தில் நின்றது. பேருந்தில் வீடு திரும்பும்போதே குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அன்று முதல் காலையும் மாலையும், நிறையப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்ற நினைப்பில், வெண்ணெய் தடவுவதுபோல் தடவினேன். ஐந்தாம் நாள் முகம் எரிந்தது. இரண்டாம் வாரம் உரிந்தது. மூன்றாம் வாரம், இதுவரை பருவே வராத இடங்களிலும் கொத்துக் கொத்தாகப் பருக்கள் கிளம்பின.

இந்த மூன்றாம் வாரத்தைத்தான் பெற்றோர்கள் கவனிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோலுக்கடியில் முன்பே உருவாகி மறைந்திருக்கும் அடைப்புகள், மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் விரைவாக மேலே வரக்கூடும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனவர்களுக்கும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். முகம் வீங்குதல், கொப்புளம், தாங்க முடியாத எரிச்சல் ஆகியவை வேறு வகை. அப்போது நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும். எனக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மருந்து என்னைக் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்து குழாயைக் குப்பையில் போட்டேன்.

அந்த மாதம் எங்கள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தெரிந்தவர் ஒருவர் இரவுச் சந்தையில் விற்ற ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினைந்து வெள்ளி. அதில் மருந்தின் பெயரோ தயாரித்தவர் முகவரியோ இல்லை. பூசிய நான்காம் நாளே சிவப்பு அடங்கியது. ஒரு வாரத்தில் முகம் பளபளத்தது. கல்யாண வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்து வியந்தார்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து டப்பா தீர்ந்தபோது முகம் தணல்போல் சிவந்தது. கன்னத்தில் மெல்லிய இரத்தக்குழாய்கள் தெரிந்தன. பழைய பருக்களைவிட அதிகமாக, சிறு சிறு சிவப்புக் கொப்புளங்கள் முகமெங்கும் பரவின. மீண்டும் கிளினிக்குக்குப் போனேன். காலி டப்பாவைப் பார்த்த டாக்டர், இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும். அதனால் அழகு வந்தது போலிருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் திரும்பும். அந்தச் சேதம் ஆற எனக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று.

அதன்பிறகுதான் அதே ட்ரெட்டினாயினை முறையாகப் பயன்படுத்தினேன். இம்முறை தாதி ஒருவர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரவில் மட்டும் பூசவேண்டும். ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். மென்மையான சோப்பால் முகம் கழுவி, நன்றாகக் காய்ந்தபின், அரைமணி நேரம் பொறுத்து, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பச்சைப் பட்டாணி அளவு போதும். கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் விட்டுவிட வேண்டும். முதல் சில வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு. தோல் பழகியபின் தினமும். எரிச்சல் இருந்தால் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பை முதலில் பூசி அதன்மேல் மருந்தைப் பூசலாம். பகலில் வெயில் தடுப்புக் களிம்பு வேண்டும். நம் போன்ற கருநிறத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தவறு. நம் தோலில் எரிச்சல் ஏற்பட்டால் அது கரும்புள்ளியாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். பருவைவிட அந்தத் தழும்பு பலருக்குப் பெரிய கவலை. ஆகவே அதிகம் பூசுவதால் வேகமாக ஆறுவதில்லை, கறுப்பதுதான் மிச்சம்.

நம் பழக்கவழக்கங்களையொட்டி எந்தத் தாளிலும் எழுதியிராத சிலவற்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். உரியும் தோலில் மஞ்சள் தேய்த்துக் குளித்தால் எரியும். நெற்றி உரிந்திருந்த நாட்களில் திருநீற்றை நீரில் குழைத்துப் பூசியபோது இன்னும் வறண்டு வெடித்தது. பிறகு குழைக்காமல் லேசாக இட்டுக்கொண்டேன். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் மருந்து பூசாமல் விட்டேன். தாயார் வேண்டிக்கொண்டபடி பால்குடம் எடுத்த ஆண்டில், பகல் வெயிலில் நடக்கவேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். சில நாட்கள் முன்னதாகவே நிறுத்தச் சொன்னார். கல்யாணத்துக்காக மெழுகு வைத்து முகத்து முடியை அகற்றும் பெண்கள் இம்மருந்து பூசும் காலத்தில் அதைச் செய்யக்கூடாது. முடியோடு தோலும் சேர்ந்து வந்துவிடும்.

நான்காம் மாதம் முகம் தெளிந்தது. முழுதும் இல்லை, குழிகள் சில இன்றும் உள்ளன. ஆனால் கண்ணாடியைத் திருப்பி வைக்கும் பழக்கம் போயிற்று.

இனி எழுதப்போவது இளம் பெண்களுக்கும், கல்யாணம் ஆனவர்களுக்கும். நான் 2005இல் மணமுடித்தேன். அவ்வப்போது வரும் பருவுக்காகப் பழைய வழக்கப்படி மருந்தைப் பூசிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டில் நான் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. மருந்துத் தாளை எடுத்துப் படித்தேன். கருவுற்றோர் பயன்படுத்தக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. அன்று இரவு நான் உறங்கவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லப் பயம். மறுநாள் டாக்டர் விளக்கினார். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் என்ற விழுங்கும் மருந்துதான் கருவைக் கடுமையாகப் பாதித்துப் பிறவிக் குறைகளை உண்டாக்குவது. மேலே பூசுவது இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. ஆனாலும் கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை, உடனே நிறுத்து, பயப்படாதே என்றார். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் அந்த எட்டு மாதம் நான் பட்ட பயத்தை எந்தப் பெண்ணும் படவேண்டாம். பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்பவர்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடவேண்டும்.

இரவுச் சந்தை டப்பாக்கள் இப்போது கைபேசி வழியாக வீட்டுக்கே வருகின்றன. வெண்மையாக்கும் களிம்புகளில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு, ஏன், அளவு தெரியாத ட்ரெட்டினாயின்கூடக் கலக்கப்படுவதைச் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை கண்டுபிடித்து, அப்பொருள்களின் பெயர்களை வெளியிட்டு அனுமதியை இரத்து செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். முகப்பூச்சுப் பொருள்களுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் உண்டு. அவற்றை அம்முகமையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். மூன்றே நாளில் பலன் என்று விற்பவரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்.

தேவார வகுப்புப் பெண்ணின் கையிலிருந்தது டப்பா அன்று. டாக்டர் கொடுத்த அடாப்பலீன்தான். இரண்டு வேளையும் பூசி வந்திருக்கிறாள், என்னைப் போலவே. அவளுடைய தாயார் என்னிடம் வந்து, தெரிந்த கடையில் நல்ல களிம்பு ஒன்று இருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். நான் கல்யாணப் படத்தைக் காட்டினேன். பிறகு மூன்று மாதம் கழித்து எடுத்த அடையாள அட்டைப் படத்தையும் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் மகளை அதே டாக்டரிடம் திரும்ப அழைத்துப் போனார். சில நாள் நிறுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மீண்டும் தொடங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இப்போது அவளுக்குப் பதினோராவது வாரம். தாடையில் இன்னும் நான்கைந்து பருக்கள் இருக்கின்றன. இரண்டாவது வரிசையில் உட்காருகிறாள். துப்பட்டா தோளில் இருக்கிறது.