சிவந்த கண்ணும் கண்ணழுத்த நோயும்: மலையகத் தோட்டச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

கண் சிவந்தால் அதனைக் 'கண்நோய்' என்னும் ஒரே பெயராற் குறிப்பது நம்மவர் வழக்கம். இப்பெயருள் இருவேறு நோய்கள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, கண்ணின் வெளிப்படலத்தைப் பற்றும் தொற்று. பீளையும் உறுத்தலும் தந்து பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கும். மற்றையது, கண்ணினுள்ளே கதிராளியைப் பற்றும் வைரசு அழற்சி. இது கண்ணழுத்த நோயாக, அதாவது குளுக்கோமாவாக முற்றிப் பார்வையை மீளாவகையிற் பறிக்கவல்லது. டிக்கோயா போன்ற தோட்டப் பகுதிகளை மனத்திற்கொண்டு இவ்விரண்டாவதனை ஈண்டு நோக்குவோம்.

கண்ணின் முற்பகுதியில் நீர்மயவுடனீர் என்னும் தெளிந்த திரவம் இடையறாது சுரந்து, கதிராளியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வலையமைப்பின் வழியே வடிகின்றது. சுரப்பும் வடிவும் ஒத்திருக்குமிடத்து அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 21 மி.மீ. இரசம் வரை அமையும். வைரசு அழற்சியில் அவ்வலையமைப்பே வீங்குகின்றது. அழற்சிக் கலங்கள் அதன் துளைகளை அடைக்கின்றன. கதிராளி வில்லையோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. வடிகால் தடைப்பட அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு நலிவுறுகின்றது.

இவ்வழற்சிக்குக் காரணமானவை பெரும்பாலும் ஹேர்ப்பீசு இன வைரசுகளே. சின்னம்மை கண்டவர் உடலில் அதன் வைரசு நரம்புகளில் உறங்கிக் கிடந்து, பல்லாண்டுகளின் பின் அக்கியாக வெளிப்படலாம். அக்கிக் கொப்புளம் மூக்கு நுனியிற் காணப்படின் கண்ணும் தாக்கப்படக்கூடும் என 19ஆம் நூற்றாண்டிலேயே ஹட்சின்சன் சுட்டினார். 1948இல் பொஸ்னர், ஸ்லொஸ்மன் ஆகியோர் ஒரு கண்ணில் விட்டுவிட்டு அழுத்தம் உயரும் நோயொன்றை விவரித்தனர். அத்தகையோர் பலரின் கண்ணீர்மத்தில் சைற்றோமெகலோ வைரசு இருத்தல் பின்னாளில் அறியப்பட்டது.

மருத்துவத்திலும் ஒரு முரண்பாடு உண்டு. அழற்சியைத் தணிக்கும் ஸ்ரீரொயிட் சொட்டுமருந்து, சிலரிடம் தானே கண்ணழுத்தத்தை உயர்த்தும். வைரசு எதிர் மருந்தின்றித் தனித்து இடப்படின் வைரசு பெருகவும் இடமளிக்கும். சிவப்பு மறைவதால் நோயாளி குணமடைந்ததாகவே கருதுவார். எனவே அசைக்கிளோவிர் போன்ற வைரசு எதிர் மருந்து, அழுத்தம் குறைக்கும் மருந்து, அளவறிந்த ஸ்ரீரொயிட் ஆகியன மருத்துவரின் கண்காணிப்பில் இணைந்து செல்லல் வேண்டும். மருந்துக் கடையிற் கேட்டு வாங்கும் சொட்டுமருந்தால் இது இயலாது.

இங்கு பிரச்சினை மருத்துவ எல்லையைக் கடந்து சமூகப் பிரச்சினையாகின்றது. குறித்த அளவு கொழுந்து நிறையாவிடின் 'அரைப்பேர்' விழும் தொழிலில், கண்ணைக் காட்டச் செல்லும் நாள் கூலியிழந்த நாளாகும். கண்ணழுத்த நோயோ முதலில் பார்வையின் ஓரங்களையே அரிப்பது. மற்றக் கண் அக்குறையை மறைப்பதால் பிணியாளர் நெடுங்காலம் அதனை உணரார். வலியும் இழப்பும் இல்லாத நோய்க்காக ஒருநாட் பேரை எவர் இழப்பர்? அறியாமை என இதனை இகழ்வது நேர்மையாகாது.

கோப்பித் தோட்டக் காலத்தில், 1872இல், தொழிலாளர்க்கென மருத்துவத் தேவைச் சட்டம் இயற்றப்பட்டது. 2017 மே 12இல் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டியதே, ஆயின் அதன் பயன் லயத்து வாசல்வரை எட்டவேண்டும். கண்ணழுத்தம் அளப்பது அரிய கலையன்று. நோர்வே மருத்துவர் ஷியோட்ஸ் 1905இல் அமைத்த கருவியே கையிற் கொண்டுசெல்லத் தக்கது; இன்று அதனினும் எளியன உள. வலியும் ஒளிக்கூச்சமும் பார்வை மங்கலும் கூடிய சிவந்த கண், குறிப்பாக ஒரே கண்ணில் மீண்டும் மீண்டும் வருவது, அழுத்தம் அளக்கப்படாது திருப்பியனுப்பப்படலாகாது. அதற்கெனச் செல்லும் நாளுக்குக் கூலி வெட்டப்படலுமாகாது. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறினாலன்றி, தடுக்கத்தக்க இக்குருட்டைத் தடுத்தல் அரிது.