இசைத்தட்டும் இலக்கமுறைக் கோப்பும்

ஏட்டுச் சுவடியிற் கிடந்த கலித்தொகையை யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றியது 1887ஆம் ஆண்டில். எமில் பேர்லினர் என்பார் அமெரிக்காவிற் கிராமபோன் கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றதும் அவ்வாண்டிலேயே. அன்று ஓலை செல்லரித்து அழிந்துகொண்டிருந்தது. இன்று அந்நிலையை இசைத்தட்டு எய்தியுள்ளது. ஆதலின், தட்டிலுள்ள ஒலியைக் கணினிக்கோப்பாக மாற்றுதலும் ஒருவகைப் பதிப்புப் பணியே எனலாம்.

இப்பணியின் இன்றியமையாமை வெளிப்படை. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் குரல் நமக்கு எஞ்சியது இசைத்தட்டுகளாலேயே. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருந்தெருவிலுள்ள அக்குறணை போன்ற ஊர்களில், சுந்தராம்பாளின் பாடலோ நாகூர் ஹனீபாவின் பாடலோ கொண்ட தட்டொன்று பழைய பெட்டியிற் கிடப்பின், அதற்குப் பகை பல. மலைநாட்டு ஈரத்தாற் பூஞ்சணம் படரும். பிங்கா ஓயா பெருகின் வெள்ளம் ஊருட் புகும். இசைக்குந்தோறும் ஊசியும் பள்ளத்தைச் சிறிது தேய்க்கும்.

மாற்றத் தொடங்குமுன் தட்டின் இனத்தை அறிதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையாலானவை. 1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுந்தட்டு, வினைலாலானது. 33⅓ முறை சுழல்வது. மதுசாரம் அரக்கைக் கரைக்குமாதலின், அதனைக் கொண்டு பழைய தட்டுகளைத் துடைத்தலாகாது. ஊசியும் வேறாதல் வேண்டும். 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்குரோமீற்றர் நுனியாரையுள்ள ஊசியும், நெடுந்தட்டுக்கு ஏறத்தாழ 25 மைக்குரோமீற்றர் ஊசியும் பொருந்தும்.

பள்ளத்தின் நெளிவால் ஊசி அசைய, அவ்வசைவு மின்னாக மாறுகின்றது. அம்மின் ஒரு வோல்ற்றின் ஆயிரத்திற் சில பங்கேயாதலின், அதனைப் பெருக்கும் முன்பெருக்கி தேவை. பதிவின்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியை மிகுத்தும் வெட்டுவர். முன்பெருக்கி அதனை மீளச் சமன்செய்யும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் இதற்குப் பொதுவளவு வகுத்தது 1954இல். அதற்கு முந்திய தட்டுகள் பல வேறுவேறு அளவிலமைந்தவை. அவற்றை இன்றைய பொதுவளவிற் கேட்பின் குரலின் இயல்பு திரியும்.

கணினி அம்மின்னலையை நொடிதோறும் பன்முறை அளந்து எண்களாக எழுதுகின்றது. 1982இல் வந்த குறுந்தட்டின் அளவு, நொடிக்கு 44,100 முறை, 16 பிற்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற்று. காப்பகங்கள் விரும்புவது 96,000 முறை, 24 பிற்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மெகாபைற்று. விலையின்றிக் கிடைக்கும் ஒடாசிற்றி முதலிய மென்பொருள்கள் இதற்குப் போதும். ஒலியளவு எல்லையைத் தாண்டின் அலையின் முடி வெட்டுண்ணும். வெட்டுண்டதை முழுதும் மீட்டல் இயலாது.

இனி, முதன்மையான விதி ஒன்றுண்டு. கீறலொலியை நீக்கும் வசதி கணினியிலுண்மையின், உடனே தூய்மைசெய்ய மனம் அவாவும். அளவிறந்து நீக்கின், இரைச்சலோடு வயலினின் மெல்லொலியும் பாடகரின் வல்லெழுத்தும் உடன்போம். தம் கருத்துக்கேற்பப் பாடத்தைத் திருத்தியபின் மூலவோலையை எரிக்கும் பதிப்பாசிரியனை யார் மதிப்பர்? ஆகவே முதற்பதிவைத் தீண்டாது, இழப்பில்லாத வடிவமான வேவ் அல்லது பிளாக் கோப்பாக வைத்தல் வேண்டும். திருத்தம் யாவும் படியிற் செய்யப்படுக. எம்பி3 வடிவம் இடத்தைச் சுருக்குதற்பொருட்டு ஒலியின் ஒரு பகுதியைக் கைவிடுவதாதலின், அது கேட்டற்கு ஏற்றதேயன்றிக் காத்தற்கு ஏற்றதன்று.

பாடகர் பெயர், நிறுவனம், தட்டின் எண், பயன்படுத்திய ஊசி, வேகம் ஆகியவற்றைக் குறித்தலும் பதிப்பின் கூறாகும். பெயரற்ற கோப்பு முகப்பிழந்த ஏட்டை ஒக்கும். இரு படிகள் செய்து, ஒன்றை வெள்ளம் புகாத வேற்றூரில் வைத்தல் நன்று. கோப்பாக்கியபின்னும் தட்டை எறிதலாகாது. நாளைய கருவி நம்முடையதினும் நுட்பமாகக் கேட்குமாயின், அது நாடிவருவது நம் கோப்பையன்று, மூலத்தையே.