ஆறு ஊசி நூல்

சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த முதற் குடியேற்றங்கள் பற்றியும் படித்தேன். கப்பல், ஆளுநர், புகையிலை என்றே பாடம் போயிற்று. ஆன் பரஸ் என்ற பெண்பிள்ளையை நான் அறிந்தது பிற்பாடுதான்.

1607 மே மாதம் வேர்ஜீனியாவில் ஜேம்ஸ்ரவுன் உருவாயிற்று. 1620இல் பிளிமத்துக்குப் போனவர்களிற் பலர் குடும்பமாகப் போனார்கள். இதுவோ இலாபம் தேடிய கம்பனியின் குடியேற்றம். முதலில் வந்த சுமார் நூறு பேரும் ஆண்களும் சிறுவர்களுமே. பவற்றன் மக்களின் நிலத்தில் இறங்கி, அவர்களின் சோளத்தையே பெரிதும் நம்பியிருந்தார்கள்.

1608இல் ஒரு சீமாட்டியின் பணிப்பெண்ணாக வந்தாள் ஆன். வயது 14 அளவில். அவ்வாண்டே ஜோன் லேடன் என்ற தொழிலாளியை மணந்தாள். 1609-10 மாரிகாலப் பட்டினியில் பெரும்பாலானோர் மாண்டார்கள். அவள் தப்பினாள்.

பிறகு இராணுவச் சட்டம் வந்தது. வேலையாட்களுக்குச் சட்டை தைப்பது பெண்களின் கடமை. ஒரு சட்டைக்கு ஆறு ஊசி நூல். முடிக்காவிட்டால் சாப்பாடு இல்லை. கொடுத்த நூலோ தைக்க உதவாதது. தையல் தெரிந்த சகோதரிகளே, நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆன் சட்டையின் கீழ்ப்பக்கத்தில் நூலை உருவித் தைத்து முடித்தாள். சட்டை கட்டையாகிவிட்டது. அதற்காக அவளுக்கும் ஜேன் ரைற் என்பவளுக்கும் சவுக்கடி. ஆன் அப்போது கர்ப்பிணி. அன்றிரவே கரு கலைந்தது.

பல ஆண்டுகளின் பின் நீதிமன்றச் சாட்சியமொன்றில் பதிவானதால்தான் இது நமக்குத் தெரிகிறது. 1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலும் ஆன் இருக்கிறாள். வயது 30, கணவன், நான்கு பெண்பிள்ளைகள். மூத்தவளின் பெயர் வேர்ஜீனியா.